லோ பிபிதானே என்று விட்டுவிடலாமா?

(மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டம் ஒன்றில் பொதுநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலை நாளில், அதுவும் சாயங்கால நேரத்தில், அடுப்பையும் பிள்ளைகளையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் நன்றி. சர்க்கரை நோயைப் பற்றியோ, உயர் ரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசும்படி கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் கேட்டார்கள். அந்த இரண்டையும் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலுக்கே வந்து பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால், என் முன்னால் வந்து உட்காரும் பெண்களிடம் நான் ஓயாமல் கேட்கும் பேச்சு வேறு. “ஒண்ணுமில்ல டாக்டர், எனக்கு லோ பிபி. எப்பவும் அசதியாத்தான் இருக்கும்.” இந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இப்படிச் சொல்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினருக்கு உடம்பில் எந்தக் கோளாறும் இருக்காது. மருந்துக்கடையில் பார்த்தபோது 100/60 என்று வந்தது, அன்றிலிருந்து பயம். இன்னொரு வகையினருக்கு உள்ளே உண்மையிலேயே ஏதோ ஒரு நோய் வளர்ந்துகொண்டிருக்கும். அவர்கள் ‘லோ பிபிதானே’ என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். பயப்பட வேண்டாதவர் பயப்படுகிறார், போக வேண்டியவர் போகாமல் இருக்கிறார். நான் எந்த வகை, டாக்டரிடம் போக வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்களே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். அதற்கு வழி சொல்லத்தான் வந்தேன்.

முதலில் அந்த அளவைப் பற்றி. ரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை 1733இலேயே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் எழுதி வைத்தார். குதிரையின் ரத்தக் குழாயில் ஒரு குழலைச் செருகி, ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்தவர் அவர். மனிதருக்கு ஊசி குத்தாமல் அளக்கும் கைப்பட்டையை இத்தாலியின் ரிவா ரோச்சி 1896இல் கொண்டுவந்தார். பட்டையின் காற்றை இறக்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ‘டக் டக்’ ஒலியை வைத்து மேல் அளவையும் கீழ் அளவையும் பிரிக்கலாம் என்று 1905இல் சொன்னவர் ரஷ்யாவின் கொரோட்கோவ். இன்றும் டாக்டர் உங்கள் முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பது அந்த ஒலிக்காகத்தான்.

பொதுவாக 90/60க்குக் கீழே இருந்தால் தாழ்வு என்கிறோம். அது ஒரு வசதிக்காகப் போட்ட கோடு. உயர் ரத்த அழுத்தத்தில் எண் கூடக் கூட, பக்கவாதமும் மாரடைப்பும் வரும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் அங்கே எண்ணுக்கே வைத்தியம் உண்டு. தாழ்வு பக்கத்தில் அப்படி இல்லை. ஒல்லியான ஓர் இளம்பெண்ணுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே 96/60 இருக்கலாம். அவள் வேலைக்குப் போகிறாள், மாடிப்படி ஏறுகிறாள், மயக்கம் இல்லை, மூச்சு வாங்கவில்லை என்றால் அது அவளுடைய இயல்பு. அதற்கு மாத்திரை வேண்டாம், ட்ரிப்ஸ் வேண்டாம், கவலையும் வேண்டாம். கர்ப்பத்தின் நடு மாதங்களில் அழுத்தம் கொஞ்சம் இறங்குவதும் இயற்கையே. ஜெர்மனியில் நெடுங்காலம் இப்படிப்பட்டவர்களுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், பிரிட்டனிலோ அப்படியொரு நோயே கிடையாது என்றார்கள். மருத்துவர்களுக்குள்ளேயே அத்தனை கருத்து வேறுபாடு இருந்த விஷயம் இது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மாற்றத்தைப் பாருங்கள். எப்போதும் 130 இருந்தவருக்கு இப்போது 100 என்றால், அந்த 100 என்னைக் கவலைப்பட வைக்கும். எப்போதும் 100 இருந்தவருக்கு இன்றும் 100 என்றால் எனக்குக் கவலை இல்லை. அசதியும் அப்படியே. போன பொங்கலுக்குத் தனியாளாக வீடு கழுவி வெள்ளையடித்தவர், இப்போது இரண்டு குடம் தண்ணீர் தூக்கியதும் உட்கார்ந்துவிடுகிறார் என்றால், ஏதோ மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்கு வயதையும் வெயிலையும் மட்டும் காரணம் காட்டிவிட்டு நகர முடியாது.

அளப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். படியேறி வந்த உடனே அளக்கக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். நம் பெண்கள் பலருக்கு ‘லோ பிபி’ வருவது இப்படியும்தான்.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது என்பவர்கள் இன்னொன்றும் செய்து பார்க்க வேண்டும். நாம் எழுந்தவுடன் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்து ரத்தக் குழாயில் இருக்கும் உணர்விகள் அதை உடனே கண்டுபிடித்து, இதயத்தை வேகமாக்கி, குழாய்களை இறுக்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. அந்த ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்று பார்க்க, ஐந்து நிமிடம் படுத்திருந்து அளக்கவும். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளக்கவும். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால், அல்லது கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் குறைந்தால், டாக்டரைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து அளக்கும்போது எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இப்போது அசதிக்கு வருகிறேன். நம் வீடுகளில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ‘ரத்தம் கம்மி’ என்பதும் ‘பிரஷர் கம்மி’ என்பதும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ரத்தசோகை என்பது ஹீமோகுளோபின் குறைவு. அதை விரலில் மாட்டும் கருவியாலோ கையில் கட்டும் பட்டையாலோ கண்டுபிடிக்க முடியாது, ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பிபி 120/80 என்று சரியாக இருக்கும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 இருக்கலாம். 2019–21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு, 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும்.

இதற்குச் சில அடையாளங்கள் உண்டு. அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்வது, பிள்ளையின் சிலேட்டுக் குச்சியைக் கடிப்பது, விபூதியைத் தின்பது, ஐஸ் கட்டியை நொறுக்கித் தின்பது. இதையெல்லாம் வெட்கத்தில் யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. நானாகக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்பார்கள். இது கெட்ட பழக்கம் இல்லை அம்மா, வெட்கப்பட எதுவும் இல்லை. இரும்புச்சத்து வற்றிப்போன உடம்பு பெரும்பாலும் இப்படித்தான் கேட்கும். இரும்புச்சத்து ஏறியதும் அந்த ஆசை தானே போய்விடும்.

மாதவிடாயைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஏழு நாளுக்கு மேல் போகிறதா? ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாகப் படுகிறதா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? ‘எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்கள் மாதாமாதம் ரத்தத்தை இழந்துகொண்டிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். அந்த மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எண் சரியானதும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொல்லும் மாதங்கள் வரைக்கும் சாப்பிட்டால்தான் இருப்பு நிறையும். ஆணுக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் ரத்தசோகை என்றால், ரத்தம் எங்கே போகிறது என்று கட்டாயம் தேட வேண்டும். வயிற்றுப் புண்ணாகவும் இருக்கலாம், மூலமாகவும் இருக்கலாம், குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். அவர்களுக்கு வெறும் சத்து டானிக் வாங்கிக் கொடுத்துத் திருப்தி அடையக் கூடாது.

அடுத்து ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பதை எட்டாத வயது. தெரிந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ‘லோ பிபி அக்கா’ என்றே அழைக்கும் அளவுக்குப் பழகிப்போன அசதி. மாதம் ஒருமுறை ட்ரிப்ஸ். குளிர் தாங்காது, மார்கழி வந்தால் போர்வையை விட்டு வெளியே வர மாட்டார். சோம்பேறி என்று மாமியார் வீட்டில் பெயர் வாங்கியாகிவிட்டது. என்னிடம் வந்தபோது 84/50. மற்ற கேள்விகளுக்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னார். கடைசிப் பிரசவம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ரத்தப்போக்கு நிற்கவே இல்லை என்றும், நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்றும் சொன்னார். பிள்ளைக்குப் பால் கொடுத்தீர்களா என்றேன். “பாலே சுரக்கல டாக்டர். அப்புறம் வீட்டுக்குத் தூரமாகறதும் நின்னுபோச்சு. நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன்” என்றார்.

பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போகும்போது, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு ரத்தம் கிடைக்காமல் அது கருகிப்போய்விடுவது உண்டு. தைராய்டு, அட்ரினல், சினைப்பை எல்லாவற்றையும் இயக்குவது அந்தச் சுரப்பி. கிளாஸ்கோவில் நோய்க்கூறியல் மருத்துவராக இருந்த ஹரால்டு ஷீஹன் 1937இல் இதை விளக்கினார். அவர் பெயரில்தான் இன்றும் அந்த நோயை அழைக்கிறோம். பணக்கார நாடுகளில் இது அரிதாகிவிட்டது, இந்தியாவில் இன்னும் பார்க்கிறோம். இதற்கு வைத்தியம் எளிது. முதலில் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை, பிறகு தைராய்டு மாத்திரை. அந்த வரிசை முக்கியம். தைராய்டு மாத்திரையை மட்டும் முதலில் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பெண் சில வாரங்களில் எழுந்து நடமாடத் தொடங்கினார். அத்தனை வருடமும் அவருடைய பிபியைப் பார்த்தவர்கள் பலர். பால் சுரந்ததா என்று கேட்டவர் யாரும் இல்லை.

இதே போன்ற இன்னொரு நோயை லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855இல் எழுதினார். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அழிவதால் வருவது. அதை அழித்த காரணங்களில் அந்தக் காலத்தில் முதலிடம் காசநோய்க்கு. நம் நாட்டில் இன்றைக்கும் அதை மறக்க முடியாது. தீராத அசதி, எடை இறங்குவது, எழுந்தால் மயக்கம், உப்பின் மேல் அடங்காத ஆசை, தோல் கருத்துப்போவது. நம் நிறத்துக்கு இந்தக் கருப்பு எளிதில் கண்ணில் படாது. உள்ளங்கை ரேகை, ஈறு, பழைய தழும்பு இவை புதிதாகக் கருத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இரண்டும் அரிய நோய்கள்தான். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ‘லோ பிபி’ என்பது ஓர் அளவு. ஏன் வந்தது என்று யாரும் கேட்காத வரைக்கும் வைத்தியம் தொடங்கவில்லை என்று அர்த்தம். அதைக் காட்டத்தான் சொன்னேன்.

வீட்டுப் பெரியவர்களின் கதை வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரைதான் காரணம். பிரஷருக்கு இரண்டு மாத்திரை, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கு ஒன்று, மனச்சோர்வுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு டாக்டர் எழுதியது. எல்லாம் சேர்ந்து அழுத்தத்தை இறக்கும்போது, நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்த அப்பா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். நெடுநாள் சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுத்திருந்தாலும் இப்படி ஆகும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, நாட்டு மருந்து உட்பட, ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி முடிவெடுக்கும் விஷயம்.

காத்திருக்கவே கூடாத நேரங்கள் சில உண்டு. அப்போது 108ஐ அழையுங்கள். நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், மூச்சுத் திணறல், குப்பென்று வியர்ப்பது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் திடீர் அசதியாகவும் வியர்வையாகவும் வரலாம். மலம் தார் போலக் கருப்பாக, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போவது, குறிப்பாக வலி மாத்திரை அடிக்கடி விழுங்குபவர்களுக்கு. மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு மயக்கம் வருவது. அது கருக்குழாயில் தங்கிய கரு வெடித்ததாக இருக்கலாம். நினைவு தவறி விழுவது, குழறிப் பேசுவது, கை கால் சில்லிட்டுப்போவது.

டெங்குவைத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீடு நிம்மதியாகும் நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் சரியலாம். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் 20க்குச் சுருங்கிவிடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் துவண்டு கிடக்கிறது, வயிறு வலிக்கிறது என்கிறது, வாந்தி நிற்கவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அவசரம் இல்லை, ஆனால் இந்த வாரமே போக வேண்டும் என்பதற்கு அடையாளங்கள் இவை: நிற்கும்போது திரும்பத் திரும்பக் கண் இருட்டுவது, காரணம் தெரியாமல் எடை இறங்குவது, மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், புதிதாகப் படபடப்பு, புது மாத்திரை தொடங்கிய பின் வந்த தள்ளாட்டம், கர்ப்பிணிக்கு வந்த எந்த மயக்கமும். இவை எதுவும் இல்லாமல் அசதி மட்டும் இரண்டு மூன்று வாரமாக நீடித்து, செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய விடவில்லை என்றால், அப்போதும் போகத்தான் வேண்டும். தூக்கமில்லாமை, மனச்சோர்வு ஆகியவையும் உடம்பு அசதியாகவே வெளியே தெரியும். அவற்றையும் டாக்டரிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

வேறு தொந்தரவு எதுவும் இல்லை, அளவு மட்டும் எப்போதுமே குறைவு என்பவர்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயில் காலத்தில் தண்ணீரும் மோரும் கூடுதலாகக் குடியுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் ஓரத்தில் உட்கார்ந்து, கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்திவிட்டு நில்லுங்கள். ஊறுகாயும் அப்பளமும் கூடுதலாகச் சாப்பிடு என்று யார் சொன்னாலும், இதயநோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் கேட்காதீர்கள்.

ட்ரிப்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரை லிட்டர் சலைன் பாட்டிலில் இருப்பது நாலரை கிராம் உப்பும் தண்ணீரும். அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு தேக்கரண்டி. வாந்தி பேதியால் வறண்டவருக்கு அது உயிர் காக்கும். மாதாமாத அசதிக்கு அதனால் ஆகப்போவது எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் கொஞ்சம் தெம்பாக இருக்கும். அந்தத் தெம்பில் இன்னொரு மாதம் நோய் மறைந்துகொள்ளும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அசதி எப்போது தொடங்கியது, முன்பு செய்த எந்த வேலை இப்போது முடியவில்லை, கடைசி மாதவிடாய்த் தேதி, பிரசவங்கள் எப்படி நடந்தன, என்னென்ன மாத்திரை, நான்கைந்து நாள் படுத்தும் நின்றும் எடுத்த பிபி. பரிசோதனைகள் என்றால், முழு ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, சோடியம், பொட்டாசியம், தேவைப்பட்டால் ஈசிஜி. தொடக்கத்துக்குப் பெரும்பாலும் இவ்வளவு போதும், ஆயிரக்கணக்கில் செலவழித்து மொத்த உடல் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. டாக்டர் ‘லோ பிபி’ என்று மட்டும் சொன்னால், “எதனால டாக்டர்?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல டாக்டர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

கடைசியாக ஒன்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரும் அம்மாவிடம் கேட்டால் எந்த நாள், எத்தனை டிகிரி, எத்தனை முறை வாந்தி என்று மூச்சு விடாமல் சொல்வார். உங்களுக்கு எத்தனை நாளாக முடியவில்லை என்று கேட்டால் யோசிப்பார். தன் உடம்பைக் கணக்கில் வைக்காமல் இருப்பதையே பொறுமை என்றும் பெண்மை என்றும் நாம் மெச்சி வளர்த்துவிட்டோம். அசதி என்று சொல்லும் பெண்ணுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டிவிட்டோம். பின் வரிசையில் நிற்கும் ஆண்களிடமும் இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒருத்தி ‘முடியலை’ என்று சொன்னால், காபி போட்டுக் கொடுத்துப் படுக்கச் சொல்வது அன்புதான். மறுநாள் ஒரு வேளைக் கூலி போனாலும் பரவாயில்லை என்று கூட்டிக்கொண்டு போய், ஹீமோகுளோபின் சீட்டு கையில் வரும் வரை உடன் இருப்பதும் உங்கள் கடமை.

குழுத் தலைவிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடன் தவணையை நோட்டில் எழுதுகிறீர்கள். அதே நோட்டில் ஒவ்வொரு உறுப்பினர் பெயருக்கு எதிரிலும், அவர் சம்மதித்தால், கடைசியாக ஹீமோகுளோபின் பார்த்த தேதியையும் எழுதுங்கள். ஆறு மாதமாகியும் அந்த இடம் வெறுமையாக இருக்கிறவர்களை அழைத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஒருத்தியாகப் போகத் தயங்குபவர்கள் பத்துப் பேராகப் போகும்போது தயங்க மாட்டார்கள்.